சனிக்கிழமை அழுத்திய பட்டன்

வாட்ச்மேன் அறையின் சுவரில் இரண்டு பட்டன்கள் இருக்கும். பச்சையை அழுத்தினால் மில்லின் இரும்புக் கேட் தண்டவாளத்தில் உருண்டு திறக்கும். சிவப்பை அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

அந்தச் சனிக்கிழமை காலை, பச்சை பட்டன்மேல் ஒரு விரல் இருந்தது. வளையல் போடாத கை. நகத்தில் முந்தின நாள் சமையலின் மஞ்சள் கறை. விரல் பட்டனைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்தியது.

நான் வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் ஜோதி என்கிற பெண் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கேட் நகர ஆரம்பித்தது. எனக்கு ரோட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. விரலைத்தான் பார்த்தேன்.

ஒரு பட்டனை அழுத்துவதற்கு இத்தனை பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். அது யாருடைய விரல், அன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

வார்டனம்மா

கிளீனராக இருந்த நான் லைசென்ஸ் எடுத்த கதையைப் போன வாரம் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலை, துடியலூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு நூல் மில்லில் வேன் ஓட்டுவது. மில்லின் பெயர் வேண்டாம். அது இப்போது கை மாறிவிட்டது. காலையில் மார்க்கெட் போய் மெஸ்ஸுக்குக் காய்கறி ஏற்றி வரவேண்டும். பிறகு ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்கவேண்டும்.

மில் காம்பவுண்டுக்குள்ளேயே பெண்கள் ஹாஸ்டல் இருந்தது. தேனி, திண்டுக்கல், வால்பாறை என்று பல ஊர்ப் பெண்கள். கொஞ்ச நாள் கழித்து ஒடிசாவிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்கு வார்டன் ராகேலம்மா. அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, நூல் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. கொச்சிப் பக்கத்துக்காரர். கோயமுத்தூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்ததால் பேச்சு நம் ஊர்ப் பேச்சாகிவிட்டது. பெண்களைக் கூப்பிடும்போது மட்டும் மகளே என்பதை மலையாளத்தில் "மோளே" என்பார்.

பெயரை வைத்து எல்லோரும் அவரைக் கிறிஸ்தவர் என்றே நினைத்தோம். கிறிஸ்துமஸுக்குப் பெண்கள் காசு போட்டு ஒரு கேக் வாங்கி அவர் முன்னால் வைத்தார்கள். "நான் கிறிஸ்டியன் இல்லை மோளே" என்றார். "பரவால்லீங்கம்மா, வெட்டுங்க" என்றார்கள். வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்.

பல்பு மாற்றியது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மழைக்காலம். ஒரு சனிக்கிழமை விடிகாலை காய்கறி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். வார்டனம்மா தன் அறை வாசலில் நின்றுகொண்டு, "பழனி, ரூமெல்லாம் இருட்டா இருக்குது" என்றார்.

பல்பு போய்விட்டது என்று நினைத்தேன். ஸ்டோருக்குப் போய்ப் புது பல்பு வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். இறங்கிவந்து சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. அப்போதுதான் தெரிந்தது, சுவிட்சே போடாமல் இருந்திருக்கிறது. பழைய பல்பை மாட்டிப் பார்த்தால் அதுவும் எரிந்தது.

"ஏனுங்கம்மா, சுவிட்சுல ஷாக்கு அடிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே."

மறு சனிக்கிழமை டெஸ்டர் எடுத்துப் போய் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரிப்பை அடக்கமுடியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "நாளைக்கு வா, சொல்றேன்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி சரசு ஒரு நிமிஷத்தில் கணக்குத் தீர்த்துவிட்டாள். "புரட்டாசிச் சனிக்கு நாம விரதம் இருக்கறமில்ல. அந்தம்மா வருஷமெல்லாம் இருக்கறாங்களாட்ட இருக்குது. இதுல என்ன டெஸ்டரு?"

அவள் சொன்னதில் பாதி சரி என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ராகேலம்மா யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பு மூட்டக்கூடாது. சுவிட்சு போடக்கூடாது. வண்டி ஏறக்கூடாது. எழுதக்கூடாது, கையெழுத்துகூட. அடுத்தவரைப் பார்த்து "இதைச் செய்" என்றும் சொல்லக்கூடாது.

"இருட்டா இருக்குதுன்னு சொல்லலாமுங்களா?" என்றேன்.

"அது இருக்கறதைச் சொல்றதுதானே" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை காலை காய்கறியை இறக்கிவிட்டு அவர் அறைப் பக்கம் போவேன். "இருட்டா இருக்குது" என்றால் லைட். "புழுக்கமா இருக்குது" என்றால் ஃபேன். அவர் இல்லாத நேரத்தில் பெண்களைக் கவனித்துக்கொள்ள மெஸ் அக்கா இருந்தார். ஆனால் சனிக்கிழமையும் வார்டனம்மா ஹாஸ்டலை விட்டு நகரமாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வாசல்படி

ஒருநாள் வார்டனம்மாவும் வேனில் மார்க்கெட்டுக்கு வந்திருந்தார். திரும்பும்போது அவராகவே ஒரு கதை சொன்னார். அவர்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் எப்போதோ கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட்டார்களாம். சில வீடுகள்தான் மிச்சம். அவர் அம்மாவின் அத்தை ஒருவர் இருந்திருக்கிறார், எஸ்தர் என்று பெயர். அவர்கள் கோயிலை அவர்கள் பள்ளி என்பார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பள்ளிக்குள் எல்லோரையும் விடமாட்டார்களாம். முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள் என்று சில குடும்பங்களை ஒதுக்கி, வெளியே வாசல்படியில் உட்காரச் சொல்வார்களாம்.

"ஒரே சாமி, ஒரே புஸ்தகம். ஆனா படியில" என்றார்.

எஸ்தரத்தை படியில் உட்காரும் குடும்பம் அல்ல. உள்ளே உட்காரும் குடும்பம். ஒரு பண்டிகை நாளில் அவர் உள்ளே போகாமல் படியில் வந்து அந்தப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாராம். உள்ளே வா என்று புருஷன் கூப்பிட்டும் போகவில்லை. அடுத்த வாரமும் படி. அதற்கடுத்த வாரமும் படி. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயிருந்து இன்னும் சில பெண்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

"அப்புறம் உள்ள உட்டாங்களா?" என்று கேட்டேன்.

"உடனே இல்லை. ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா அந்தக் கல்லுப்படியில தனியா உட்கார்ந்தவங்க யாரும் அதுக்கப்புறம் தனியா உட்காரலை."

எங்கள் ஊர் டீக்கடையில் எந்தத் தம்ளர் யாருக்கு என்பது எனக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே தெரியும். கியரை மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அப்பா கையெழுத்து

மில்லில் ஒரு விதி இருந்தது. ஹாஸ்டல் பெண் யாராவது கேட்டுக்கு வெளியே போகவேண்டும் என்றால், அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். அதன்மேல் மேனேஜர் கையெழுத்து. தலைவலி மாத்திரை வாங்கவும் இதேதான். பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றார் மேனேஜர். பாதுகாப்புதான், ஷிப்டுக்கு ஆள் குறையாது.

ராகேலம்மா இதை மாற்றச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறார். வார்டன் சீட்டுப் போதும் என்று வையுங்கள் என்பார். "பார்க்கலாமுங்க" என்பார் மேனேஜர். நான் எந்தப் பக்கமும் இல்லை. இரண்டு பெண்கள் வெவ்வேறு சமயம் என்னிடம், "டிரைவரண்ணா, துடியலூர் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள். இரண்டு பேரிடமும், "சீட்டு வேணுங் கண்ணு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை இங்கே எழுதிவிடுவதுதான் சரி.

ஜோதி வால்பாறைப் பெண். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்தவள். அந்தச் சனிக்கிழமை விடியும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வலது பக்கம் தொட்டாலே கத்தினாள். காய்கறியை இறக்கிக்கொண்டிருந்த என்னிடம் ராகேலம்மா ஷூவைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தார்.

"பழனி, மேனேஜருக்குப் போன் போடு" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. சனிக்கிழமையில் அவர் என்னை நேராக ஒன்று செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போட்டேன். ஸ்பீக்கரில் மேனேஜர் குரல் வந்தது. "அவங்கப்பனை வரச்சொல்லுங்க. வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகட்டும்."

"வால்பாறையிலிருந்து பஸ் பிடிச்சு வர மத்தியானம் தாண்டிருமுங்க" என்றார் ராகேலம்மா.

"அதுவரைக்கும் மாத்திரை குடுங்க. ஷிப்டுக்கு டிமிக்கி குடுக்க எல்லாத்துக்கும் வயித்து வலி வரும்." போனை வைத்துவிட்டார்.

ராகேலம்மா என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தால்கூடத் தேவலை. சும்மா பார்த்தார். நான் வேன் சாவியை எடுத்தேன். மெஸ் அக்காவும் நானும் ஜோதியைத் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தோம்.

கேட்டில் வாட்ச்மேன் சின்னான் நின்றார். "சீட்டுங்க?" என்றார்.

"சீட்டு இல்லை சின்னான். பிள்ளையைப் பாரு" என்றார் ராகேலம்மா.

சின்னான் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண்கள். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். பிறகு, "நா கேட்டைத் தொறந்தா என்ற சோறு போயிருமுங்க. எனக்குத் தண்ணி தாகமா இருக்குது. குடிச்சுப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் குழாய்ப் பக்கம் நடந்தார். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் முதலில் சொன்ன விரல்.

ராகேலம்மா பட்டனை அழுத்திவிட்டு வந்து வேனிலும் ஏறி உட்கார்ந்தார். ஜோதியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மேட்டுப்பாளையம் ரோட்டில் முதலில் தெரிந்த ஆஸ்பத்திரியில் நிறுத்தினேன். குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்ததாம். மத்தியானம் வரை வைத்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஜோதியின் அப்பா வந்து சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வராந்தாவில் நின்றார். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் என்னைக் கும்பிட்டார்.

விசாரணை

ராகேலம்மா தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பகலிலும் கேட்டை மூடிவைத்து, உயிர் போகும் வலியிலும் பெண்களை வெளியே விடுவதில்லை என்று. மில் உடனே அவருக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தது. கேட் பகலில் எப்போதும் திறந்தே இருக்கிறது, வார்டன் பொய் எழுதி மில் பெயரைக் கெடுத்துவிட்டார், வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று.

ஆக, எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. அன்றைக்குக் கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா. திறந்திருந்தது என்று ஆகிவிட்டால் ராகேலம்மாவுக்கு வேலை இல்லை. அந்தக் கடிதமும் செத்துப்போகும். அப்பா கையெழுத்து விதி அப்படியே இருக்கும். கேட்டுக்கு மேலே கேமரா இருந்தது. அன்றைக்கு அது ஓடவில்லை என்றார்கள்.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைத்திருந்தார்கள். வயதானவர், காதில் மெஷின். நாள் குறித்தது மேனேஜர். சனிக்கிழமை. அந்தம்மா அன்றைக்குக் கையெழுத்துப் போடமாட்டார், போடாத வாக்குமூலம் செல்லாது என்று அவர் ஆபீசில் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதிலேயே விழுந்தது. முந்தின நாள் என்னையும் கூப்பிட்டார். "பழனி, உம் புள்ள பாலிடெக்னிக் படிக்குதில்ல? முடிச்சதும் நம்ம ஆபீஸ்லயே ஒரு வேலை பார்க்கலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாயே திறக்காது. ஓட்டலில் இன்னொரு இட்லி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அரைவயிற்றோடு எழுந்து வந்திருக்கிறேன். அந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

முதலில் ஹாஸ்டல் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட் தொறந்துதானுங்க இருக்கும்" என்றார்கள். ராகேலம்மா அவர்களைப் பார்த்து, "சாரமில்லை மோளே, போய் உட்காருங்க" என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்பதற்கு அவர் ஊர்ச் சொல் அது. சின்னான், "நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேனுங்க" என்றார். அதுவும் உண்மைதான்.

ராகேலம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார். வக்கீல் எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். "இன்னைக்குக் கையெழுத்துப் போடமாட்டேனுங்க. நாளைக்குப் போடறேன்" என்றார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"கேட்டைத் திறந்தது யாருப்பா?"

"வார்டனம்மா... பச்சை பட்டனை அழுத்துனாங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. வக்கீல் காதுமெஷினைத் திருகிக்கொண்டு, "சத்தமா" என்றார். திரும்பச் சொன்னேன்.

மேனேஜர் குறுக்கே வந்தார். "அழுத்தியிருக்கலாமுங்க. கேட் பாதி திறந்திருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்னு அழுத்தியிருப்பாங்க. எல்லாரும் அழுத்தறதுதானுங்களே, அதுல என்ன இருக்குது?"

வக்கீல் தலையசைத்து எழுதப் போனார். பேனா காகிதத்தில் படுவதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சனிக்கிழமை அழுத்தமாட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்தினால் திரும்பப் பேச வராது என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை.

"நாலு வருஷமா சனிக்கிழமை அவங்க ரூம்ல லைட்டு சுவிட்சே நான்தானுங்க போடறேன். இருட்டுல உக்காந்திருப்பாங்க, தொடமாட்டாங்க. வண்டி ஏறமாட்டாங்க. அன்னைக்குப் பட்டனை அழுத்துனாங்க, வேன்லயும் ஏறுனாங்க. வேன் போற அளவுக்குக் கேட் தொறந்திருந்தா எதுக்குங்க அழுத்தறாங்க? இப்பவே பாருங்க. வேலை போகுமுன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போடலை. அப்படிப்பட்டவங்க சும்மா அகலமா இருக்கட்டும்னு அழுத்துவாங்களாங்க?"

வக்கீல் கையெழுத்து இல்லாத காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு ராகேலம்மாவைப் பார்த்தார். "நிஜமாலுமே வேலை போனாலும் போடமாட்டீங்களாம்மா?"

"நாளைக்குப் போடறேனுங்க. வேலை போனா வேற வேலை. அன்னைக்குப் போக இருந்தது அந்தப் பிள்ளை. உயிருக்கு ஆபத்துன்னா எங்களுக்குச் சனிக்கிழமையே கிடையாதுங்க. அப்ப அழுத்தாம இருந்தாத்தான் பாவம்."

"விசாரணைக்குச் சனிக்கிழமை குறிச்சது யாருங்க?" என்றார் வக்கீல், பொதுவாக. மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கதவோரம் நின்றிருந்த சின்னான் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, நா தண்ணி குடிச்சுப்போட்டு வந்தப்பக் கேட் தொறந்திருந்துச்சுங்க. போறப்ப மூடியிருந்துச்சுங்க. அதை ஆருமே கேக்கலைங்களே."

யாரோ சிரித்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பெண்களில் ஒருத்திதான். தேனிக்காரி. "மூடித்தாங்க இருந்துச்சு" என்றாள். மற்ற மூன்று பேரும் தலையை நிமிர்த்தினார்கள்.

வக்கீலுக்குச் சம்பளம் கொடுத்தது மில்தான். இருந்தாலும், கேட் மூடியிருந்தது என்றே அறிக்கை எழுதினார். அதை வைத்துத் தொழிலாளர் துறை ஆட்கள் வந்தார்கள். பகலில் கேட் திறந்தது. வார்டன் சீட்டு இருந்தால் போதும் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் நாலைந்து பேராகத் துடியலூர் போய்ப் பூவும் வளையலும் வாங்கி வந்தார்கள். ராகேலம்மா ரிட்டயர் ஆகும் வரை அங்கேயே இருந்துவிட்டுக் கொச்சிப் பக்கம் போனார். என்னிடம் வேன் சாவியை வாங்கிக்கொண்டு பஞ்சு கோடவுனுக்கு அனுப்பினார்கள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, நானே நின்றுகொண்டேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம்

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வெயில் சுட்டெரித்தது. ஆபீசிலிருந்து ஹாஸ்டலுக்குக் கொஞ்சம் தூரம். வேனில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கு யாருக்கும் வயித்து வலி இல்லையே" என்றார்.

நடந்தார். நானும் கூட நடந்தேன். இவ்வளவு பேசியது என் ஆயுசுக்கே போதும் என்று இருந்தது.

அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நெற்றி வேர்வையைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தார்.

"ரொம்பப் புழுக்கமா இருக்குது பழனி" என்றார்.

நான் சுவிட்சைப் போட்டேன்.